பி.ஏ. வரலாறு: கூரம் செப்பேடும் நம் பிள்ளைகளின் கல்லூரிப் படிப்பும்

பிளஸ் டூ தேர்வு முடிவு வந்த வாரத்தில், ஒரு நிகாஹ் விஷயமாகக் காஞ்சிபுரத்தை அடுத்த கூரம் வரை போக வேண்டியிருந்தது. அங்கே சிறிய கடை வைத்திருக்கும் ஒரு சகோதரர் நம்மை நிறுத்தி, "ஹஜ்ரத், ஒரு மஷூரா" என்றார். மகள் நல்ல மதிப்பெண் எடுத்திருக்கிறாள். பி.காம். சேர்ப்பதாக வீட்டில் முடிவு. அவளோ வரலாறுதான் படிப்பேன் என்கிறாள். "வரலாறு படிச்சு என்ன ஹஜ்ரத் செய்யப் போறா? ராஜா ராணி கதையை மூணு வருஷம் காசு கட்டி கேட்கணுமா?"

கதவுக்குப் பின்னால் நின்ற அந்தப் பிள்ளையிடமே காரணத்தைக் கேட்டோம். "எங்க ஊர்ல கிடைச்ச செப்பேட்டைப் பத்தி சார் சொன்னாங்க. அதுல என்ன எழுதியிருக்குன்னு நானே வாசிக்கணும்" என்றாள்.

பல குடும்பங்களில் இதே கேள்வி எழுவதால், அன்று திண்ணையில் சொன்னதையும் சொல்ல நேரமில்லாமல் போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறோம். ஆலிம் ஸனது வாங்கிய பின் அஞ்சல்வழியில் நாம் படித்ததும் பி.ஏ. வரலாறுதான். அதனால் இந்தப் படிப்பின் நிறையும் குறையும் ஓரளவு தெரியும்.

முதலில் அந்தப் பிள்ளை சொன்ன செப்பேட்டுக்கு வருவோம். கூரம் செப்பேடு பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மன் காலத்தது. 7-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி. வடமொழியும் தமிழும் கலந்தது. ஹுல்ஷ் என்ற ஜெர்மானிய அறிஞர் 1890-இல் வெளிவந்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் இதைப் பதிப்பித்தார். கூரத்தில் மன்னன் பெயரால் எழுந்த சிவன் கோயிலுக்குப் பரமேசுவரமங்கலம் என்ற ஊரைக் கொடையாகக் கொடுத்ததைச் சொல்கிறது. அந்த ஊரைப் பங்குகளாகப் பிரித்து, பூசைக்கு இவ்வளவு, மண்டபத்துக்குத் தண்ணீர் வைக்க இவ்வளவு, அங்கே பாரதம் வாசிப்பவருக்கு இவ்வளவு என்று எழுதி வைத்திருக்கிறார்கள். பாலாற்றிலிருந்து வெட்டிய ஒரு கால்வாயைப் பற்றியும் பேச்சு வருகிறது. நம் வக்ஃபு பத்திரத்தில் பள்ளிவாசல் விளக்குக்கு இவ்வளவு, இமாமுக்கு இவ்வளவு என்று எழுதுவதைப் பார்த்தவர்களுக்கு இது அந்நியமாகத் தெரியாது.

அதே செப்பேட்டில் ஒரு போர் வருகிறது. சாளுக்கிய மன்னன் முதலாம் விக்ரமாதித்தனின் படை பல லட்சம். பரமேசுவரவர்மன் அதை முறியடித்தான். விக்ரமாதித்தன் கந்தல் துணியோடு தனியாக ஓடினான் என்கிறது. இதை மட்டும் படித்தால் கதை முடிந்தது, கைதட்டிவிட்டுப் போய்விடலாம். ஆனால் இன்றைய தெலங்கானாவில் உள்ள கத்வால் என்ற ஊரில் இன்னொரு செப்பேடு கிடைத்திருக்கிறது. அது விக்ரமாதித்தன் வெளியிட்டது, ஆண்டு 674. பல்லவரை வென்றேன், காஞ்சியைப் பிடித்தேன் என்று அதில் எழுதியிருக்கிறான். எழுதியபோது அவன் முகாம் போட்டிருந்த இடம் காவிரியின் தென்கரையில் உள்ள உறையூர். ஒரே பகை, இரண்டு பட்டயம், இரண்டிலும் வெற்றி!

யார் பொய் சொல்கிறார்கள்? வரலாற்று வகுப்பில் இந்தக் கேள்வியை அப்படிக் கேட்பதில்லை. இரண்டு பட்டயத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார்கள். எது எந்த ஆண்டில், எந்த இடத்திலிருந்து, யாருக்காக எழுதப்பட்டது என்று பார்க்கிறார்கள். காஞ்சியைக் கடக்காமல் சாளுக்கியப் படை உறையூர் வரை போயிருக்க முடியாது; ஆகவே காஞ்சி ஒரு கட்டத்தில் வீழ்ந்திருக்க வேண்டும். பின்னர் பல்லவர் திரும்ப எழுந்து பெருவளநல்லூரில் அடித்திருக்க வேண்டும். அறிஞர்கள் பெரும்பாலும் வந்து சேர்ந்த முடிவு இது. இரண்டு மன்னர்களும் தமக்குச் சாதகமான பாதியை மட்டும் செம்பில் வெட்டிக்கொண்டார்கள்.

சரி, 'பல லட்சம் படை'? இங்கே நமக்கு இப்னு கல்தூன் (ரஹ்) நினைவுக்கு வருகிறார். 1332-இல் தூனிஸில் பிறந்த அவர், முகத்திமாவின் தொடக்கத்திலேயே இப்படிப்பட்ட எண்களைத்தான் பிடித்துக்கொள்கிறார். மூஸா (அலை) அவர்களுடன் இருந்த போர்வீரர்கள் ஆறு லட்சம் பேர் என்று மஸ்ஊதீ போன்ற வரலாற்றாசிரியர்கள் எழுதி வைத்ததை எடுத்து, அவ்வளவு பெரிய படையை எந்த மைதானம் கொள்ளும், ஒரு முனையில் நடப்பது மறுமுனைக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறார். அதைவிடப் பெரிய பாரசீகப் பேரரசிடமே அத்தனை படை இருந்ததில்லையே என்கிறார். யஃகூப் (அலை) காலத்துக்கும் மூஸா (அலை) காலத்துக்கும் இடையே உள்ள தலைமுறைகளை எண்ணி, இத்தனை பேர் பெருகியிருக்க முடியுமா என்று கணக்குப் போடுகிறார். அறிவித்தவர் பெரிய மனிதர் என்பதற்காக எண்ணை அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. கூரம் செப்பேட்டுக்கு ஏறக்குறைய 700 ஆண்டுகள் பிந்தியவர், கூரம் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார். ஆனாலும் அந்தச் செப்பேட்டை எப்படி வாசிக்க வேண்டும் என்பதற்கு அவரிடம் பாடம் இருக்கிறது.

மதரஸாவில் ஓதிய பிள்ளைகளுக்கு இந்த முறை புதிதல்ல. அறிவிப்பாளர் வரிசை, அவர் எப்போது பிறந்தார், எப்போது வஃபாத்தானார், யாரை நேரில் சந்தித்தார், நினைவாற்றல் எப்படி, நேர்மை எப்படி என்று துருவிப் பார்க்கும் கலையை ஹதீஸ் பாடத்தில் ஓதியிருக்கிறோம். ஆண்டுக் கணக்கைக் கொண்டு பொய்யைப் பிடித்ததற்கு உலமாக்கள் வழக்கமாகச் சொல்லும் உதாரணம் கதீப் பக்தாதீ (ரஹ்) அவர்களுடையது. ஹிஜ்ரி 5-ஆம் நூற்றாண்டில் பக்தாதில் ஒரு ஆவணம் வெளிவந்தது. கைபர் வாசிகளுக்கு ஜிஸ்யா வரியிலிருந்து விலக்கு அளித்து நபி (ஸல்) அவர்கள் எழுதிக் கொடுத்ததாக அதில் இருந்தது. ஸஹாபாக்களின் சாட்சியும் இருந்தது. அமைச்சர் அதைக் கதீப் அவர்களிடம் காட்டினார். பார்த்தவுடன் போலி என்று சொல்லிவிட்டார். எப்படி? சாட்சிகளில் ஒருவர் முஆவியா (ரலி). அவர்கள் இஸ்லாத்தில் இணைந்தது ஹிஜ்ரி 8-இல், மக்கா வெற்றியின்போது. கைபர் வெற்றி ஹிஜ்ரி 7-இல். இன்னொரு சாட்சி ஸஅத் இப்னு முஆத் (ரலி). அவர்கள் ஹிஜ்ரி 5-இல், அகழ்ப்போரை ஒட்டியே வஃபாத்தாகிவிட்டார்கள். ஒருவர் இன்னும் உள்ளே வரவில்லை. மற்றவர் உலகிலேயே இல்லை!

நபியவர்களின் பெயரால் வந்த ஆவணம், அதில் ஸஹாபிகளின் பெயர் என்று தயங்காமல், தேதியைப் பார்த்தார்கள். வரலாற்றுத் துறையில் இன்று சான்று ஆய்வு என்று தனிப்பாடமாக நடத்துவதும் இதைத்தான்.

வேறுபாடும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. ஹதீஸ் கலையில் பேசுகிற மனிதரை எடை போடுகிறோம். வரலாற்று மாணவருக்குப் பெரும்பாலும் பேசுகிற மனிதர் கிடைப்பதில்லை. கல், செம்பு, நாணயம், உடைந்த பானை, வரிக்கணக்கு, கப்பல் சரக்குப் பட்டியல் இவைதாம் கிடைக்கும். அவற்றைப் பேச வைக்க வேறு பயிற்சி தேவை. 'நாங்கள் மதரஸாவில் எல்லாம் படித்துவிட்டோம்' என்று எண்ணிக்கொண்டு கல்லூரிக்குள் நுழைந்த நமக்கு அந்தக் கர்வம் முதல் பருவத்திலேயே இறங்கியது.

இறங்காமல் மிச்சமிருந்ததும் பின்னர் இறங்கியது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சுதந்திர தினக் கொடியேற்று நிகழ்ச்சியில் பேசினோம். டெல்லி இந்தியா கேட்டில் சுதந்திரப் போராட்டத் தியாகிகள் 95,300 பேரின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது, அதில் 61,945 பேர் முஸ்லிம்கள் என்று முழங்கினோம். வாட்ஸ்அப்பில் வந்தது. நம் சமுதாயத்தில் அந்தச் செய்தி வராத கைபேசி இருக்காது. நிகழ்ச்சி முடிந்ததும் கல்லூரியில் வரலாறு இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு தம்பி ஓரமாக வந்து நின்றார். "ஹஜ்ரத், தப்பா நினைக்காதீங்க. இந்தியா கேட் பிரிட்டிஷ்காரன் கட்டினது. 1931-லயே திறந்துட்டாங்க. அவனை எதிர்த்துப் போராடினவங்க பேரை அவனே எப்படி எழுதி வைப்பான்?" என்றார்.

வீட்டுக்கு வந்து பார்த்தோம். அவர் சொன்னதுதான் சரி. இந்தியா கேட், முதல் உலகப் போரிலும் அதை ஒட்டிய ஆப்கான் போரிலும் ஆங்கிலேயருக்காகப் போரிட்டு இறந்த இந்தியப் படைவீரர்களின் நினைவுச்சின்னம். 1921-இல் அடிக்கல் நாட்டினார்கள். அதில் உள்ள பெயர்கள் 13,000-க்கு மேல். எல்லாம் படைவீரர்களும் அதிகாரிகளும். 95,300 என்ற எண்ணை யாரோ உட்கார்ந்து உருவாக்கியிருக்கிறார்கள். தேதியைப் பார்த்திருந்தாலே போதும். கதீப் அவர்களின் உதாரணத்தைப் பல முறை பயானில் சொன்ன நாம் அதைச் செய்யவில்லை. செய்தி வந்தால் தீர விசாரியுங்கள் என்ற இறைக்கட்டளையை (49:6) பிறருக்கு ஓதிக்காட்டியவர்களும் நாம்தான்.

அடுத்த ஜும்ஆவில் திருத்திச் சொன்னோம். கீழே இறங்கியதும் ஒரு பெரியவர் கோபித்துக்கொண்டார். "நமக்குச் சாதகமா இருக்கிறதை நாமே ஏன் ஹஜ்ரத் மறுக்கணும்? இருக்கிற நிலைமை தெரியாதா?" என்றார். அவருடைய வருத்தம் புரிகிறது. நம் முன்னோர் இந்த மண்ணுக்கு என்ன செய்தார்கள் என்று ஒவ்வொரு நாளும் கணக்குக் கேட்கப்படும் காலம் இது. ஆனால் அப்படிக் கேட்கிற இடத்தில் பொய்க்கணக்கைக் கொடுத்து ஒருமுறை மாட்டிக்கொண்டால், பிறகு உண்மைக்கணக்கைக் கொடுத்தாலும் எவரும் வாங்கமாட்டார்கள். 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் நடந்த சிப்பாய்ப் புரட்சிக்கு ஆங்கிலேயரே எழுதி வைத்த ஆவணங்கள் கட்டுக் கட்டாக இருக்கின்றன. 1780 செப்டம்பரில் காஞ்சிபுரத்துக்கு அருகே புள்ளலூரில் கர்னல் பெய்லியின் படையை ஹைதர் அலியும் திப்புவும் நிர்மூலமாக்கிய போருக்கு, தோற்றவர்களே சாட்சி எழுதியிருக்கிறார்கள். இருப்பதைத் தேடிப் படிக்க ஆள் இல்லாமல் இல்லாததைப் பரப்பிக்கொண்டிருக்கிறோம். அந்தத் தம்பி போல ஊருக்கு ஒருவர் இருந்தால் நம் மிம்பர்களில் பேச்சு கொஞ்சம் ஒழுங்காகும்.

இனி படிப்பைப் பற்றி. மூன்று ஆண்டு, ஆறு பருவம். தமிழக வரலாறு, இந்திய வரலாறு, ஐரோப்பா உள்ளிட்ட உலக வரலாறு, இந்திய விடுதலைப் போராட்டம், அரசியலமைப்பு ஆகியவை பெரும்பாலான கல்லூரிகளில் உண்டு. அவற்றோடு தொல்லியல், சுற்றுலா, ஆவணக் காப்பகவியல், வரலாற்று வரைவியல் போன்றவை கல்லூரிக்குக் கல்லூரி மாறும். இவற்றில் வரலாற்று வரைவியல்தான் முதுகெலும்பு என்பது நம் கருத்து. மாணவர்கள் அதைத்தான் வெறுப்பார்கள். கதை இருக்காது, வரலாறு எப்படி எழுதப்பட்டது என்ற ஆராய்ச்சி இருக்கும். அதை மனப்பாடம் செய்து தேறிவிட்டால் பட்டம் கிடைக்கும், படிப்பு கிடைக்காது.

நடைமுறை உதாரணமாக உத்திரமேரூரையே எடுத்துக்கொள்வோம். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழனின் 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் இருக்கின்றன. குடவோலை முறை என்று பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். 30 குடும்புகள், ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் இட்டு ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் செய்தார்கள். கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் நிற்க முடியாது. மேடையில் ஏறுகிறவர்கள் ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஜனநாயகம் என்று பெருமைப்படுகிறார்கள். கணக்குக் காட்டாதவரை விலக்கி வைத்ததைப் பார்த்தால் பெருமைப்படவும் இடமிருக்கிறது. நம் ஜமாஅத் நிர்வாகத் தேர்தல்களை நினைத்துப் பெருமூச்சும் வருகிறது. ஆனால் வரலாற்று மாணவர் அடுத்த வரிக்கும் போவார். 921-ஆம் ஆண்டு விதியின்படி வயது 35 முதல் 70 வரை. வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வேதம் கற்றிருக்க வேண்டும். அது பிராமணர்களின் சபை. ஊரில் உழுதவர், நெய்தவர், பெண்கள் யார் பெயரும் அந்தக் குடத்துக்குள் போகவில்லை. பெருமையையும் விலக்கலையும் ஒரே கல்லில் வாசிக்கப் பழகியவர், நாளை தன் சமுதாயத்தின் வரலாற்றையும் அப்படி வாசிப்பார். பெற்றோர் இதற்கும் தயாராக இருக்க வேண்டும். சுல்தான்களையும் நவாபுகளையும் பற்றிப் பிள்ளை சங்கடமான கேள்வி கேட்டால் ஈமான் போய்விட்டதாக அலறக் கூடாது. மதுரை சுல்தான் கியாஸுத்தீனின் கொடுமைகளைக் கண்டித்து எழுதியவர் வேறு யாரும் அல்லர், அவருடைய சகலையான இப்னு பதூதாதான்.

எங்கே படிக்கலாம்? நம் நிர்வாகத்தில் உள்ள கல்லூரிகளில் திருச்சி ஜமால் முகமது கல்லூரியிலும் சென்னை புதுக்கல்லூரியிலும் வரலாற்றுத் துறை உண்டு. இரண்டும் 1951-இல் தொடங்கியவை. பெண் பிள்ளைகளுக்குச் சென்னை ராணி மேரிக் கல்லூரி இருக்கிறது. காஞ்சிபுரத்திலேயே பச்சையப்பன் கல்லூரிகள் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியே உள்ளன. எந்தக் கல்லூரியானாலும் அந்த ஆண்டுப் பாடப்பிரிவுப் பட்டியலை நேரில் கேட்டுக்கொள்வது நல்லது. அரசு கலைக் கல்லூரிகளுக்கு இணையவழியில் ஒரே விண்ணப்பம். பிளஸ் டூ மதிப்பெண் தரவரிசைதான் கணக்கு, நுழைவுத் தேர்வு இல்லை. டெல்லி போன்ற மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு 2022 முதல் சியுஇடி தேர்வு எழுத வேண்டும். மதரஸாவில் ஓதிக்கொண்டே படிக்க விரும்புகிறவர்களுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத் தொலைதூரக் கல்வி, தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம், இக்னோ ஆகியவை இருக்கின்றன. முடிந்தால் நேரடி வகுப்பே மேல். நாம் அஞ்சல்வழியில் படித்ததால் நூலகமும் ஆசிரியரின் கோபமும் கிடைக்காமல் போயின.

அரசு கலைக் கல்லூரியில் கட்டணம் பெரும் சுமையாக இராது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவியருக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும்; மாணவர்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டம். பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கான 3.5 விழுக்காடு இடஒதுக்கீட்டில் வருகிறவர்கள் சாதிச் சான்றிதழைக் கவனிக்க வேண்டும். லெப்பை, ஷேக், சையது, தக்கனி என்று பட்டியலில் உள்ள பெயர் சான்றிதழில் தெளிவாக இருக்க வேண்டும். வெறுமனே 'முஸ்லிம்' என்று வாங்கி வைத்துக்கொண்டு சேர்க்கை நாளில் தாலுகா அலுவலகத்துக்கு ஓடுகிறவர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறோம்.

வேலை? உள்ளதைச் சொல்கிறோம். பி.ஏ. வரலாறு மட்டும் முடித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்தால் யாரும் கூப்பிட்டு வேலை தரமாட்டார்கள். பி.காம். முடித்தவருக்கு ஏதோ ஒரு கணக்கர் வேலையாவது உடனே கிடைக்கும். இங்கே அதுவும் இல்லை. இது மேலே ஏறுவதற்கான படி. பி.எட். முடித்துத் தகுதித் தேர்வில் தேறினால் பட்டதாரி ஆசிரியர்; எம்.ஏ.வும் பி.எட்.டும் இருந்தால் முதுகலை ஆசிரியர் தேர்வு. நெட் அல்லது செட் தேறினால் கல்லூரி. மூன்றாண்டுச் சட்டப்படிப்புக்குப் போகிறவர்களும் உண்டு. டிஎன்பிஎஸ்சி தேர்வுகளில் வரலாறும் அரசியலமைப்பும் தமிழகப் பண்பாடும் பெரும் பகுதி; மூன்று ஆண்டும் அதையே படித்தவருக்குப் பாதி தயாரிப்பு முடிந்த மாதிரிதான். முதல் வகுப்பிலிருந்து பட்டம் வரை தமிழ்வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசுப் பணியில் 20 விழுக்காடு முன்னுரிமை இருக்கிறது. பி.ஏ. வரலாறு தமிழ்வழியில் பரவலாகக் கிடைக்கிற படிப்பு. ஐஏஎஸ் தேர்விலும் வரலாற்றை விருப்பப் பாடமாக எடுக்கலாம்.

நம் பிள்ளைகளுக்கு என்றே திறந்திருக்கும் ஒரு வாசலைப் பற்றி இவ்வளவு நாள் யாரும் பேசாதது நமக்கு ஆதங்கம். இந்தியத் தொல்லியல் துறையின் அரபு, பாரசீகக் கல்வெட்டுப் பிரிவு நாக்பூரில் இருக்கிறது. நாடு முழுதும் பள்ளிவாசல், தர்கா, கோட்டை, கபுறுஸ்தான்களில் உள்ள அரபு, பாரசீகக் கல்வெட்டுகளைப் படியெடுத்து வாசித்துப் பதிப்பிப்பது அதன் வேலை. அதே துறை கிரேட்டர் நொய்டாவில் நடத்தும் தொல்லியல் பட்டயப் படிப்புக்கு 2020-இல் அறிவிப்பு வந்தபோது, தகுதிக்குரிய மொழிகளின் பட்டியலில் தமிழ் விடுபட்டிருந்தது. இங்கே பெரும் எதிர்ப்பு எழுந்தபின் சேர்த்தார்கள். அந்தப் பட்டியலில் அரபும் பாரசீகமும் முதலிலிருந்தே இருந்தன; நம் மதரஸாக்களில் அதை எத்தனை பேர் கவனித்தோம்? மாநிலத் தொல்லியல் துறையும் மாத உதவித்தொகையுடன் இரண்டாண்டுப் பட்டயப் படிப்பு நடத்துகிறது. அதற்கு முதுகலை வேண்டும்.

அரபு தெரிந்த ஒருவர் வரலாற்றுக்கு வந்தால் என்ன நடக்கும் என்பதற்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய முஹம்மது ஹுசைன் நயினார் சாட்சி. ஆர்க்காட்டு நவாபுகளின் வரலாறான 'துஸக்கே வாலாஜாஹி' என்ற பாரசீக நூலை 1930-களில் ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். தென்னிந்தியாவைப் பற்றி அரபுப் புவியியலாளர்கள் எழுதியதைத் தொகுத்து 1942-இல் நூலாக்கினார். பின்னர் இராமநாதபுரம் எஸ்.எம். கமால் 'முஸ்லீம்களும் தமிழகமும்' எழுதினார். புதுக்கோட்டை அருங்காட்சியகத்தில் காப்பாட்சியராக இருந்த ராஜா முகமது சோழமண்டலக் கரை முஸ்லிம்களின் கடல் வணிகத்தை ஆராய்ந்தார். இவர்களுக்குப் பின் வரிசை மெலிந்துவிட்டது. நம் பாட்டிமார் ஓதிய அரபுத்தமிழ்க் கிதாபுகள் பரணில் கிடக்கின்றன. அரபு எழுத்தும் பழைய தமிழும் சேர்ந்து தெரிந்தவர்தான் அவற்றைத் திறக்க முடியும்.

இது வெறும் பழம்பெருமைக்கான விஷயமும் அல்ல. 1763-இல் நவாப் முஹம்மது அலி வாலாஜா, காஞ்சிபுரமும் உத்திரமேரூரும் அடங்கிய செங்கல்பட்டுச் சீமையைக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். அதன் பின் தாமஸ் பர்னார்ட் என்ற பொறியாளர் அங்கே ஊர் ஊராகக் கணக்கெடுத்தார். எந்த ஊரில் எத்தனை வீடு, யாருக்கு எவ்வளவு மானியம் என்பதெல்லாம் அந்தக் கணக்கில் உண்டு. 1858-இல் அமைந்த இனாம் கமிஷன் கோயில், பள்ளிவாசல், தர்கா என ஒவ்வொரு மானிய நிலத்தையும் விசாரித்துப் பதிவேடு எழுதியது. அந்தப் பதிவேடுகள் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஒரு கபுறுஸ்தான் நிலத்துக்கு வழக்கு வந்தால் வக்கீல் முதலில் கேட்பது இதைத்தான். அப்போது நம் ஜமாஅத்தில் என்ன செய்கிறோம்? 'அந்தக் காலத்துலேர்ந்து எங்களுதுதான்' என்று நான்கு பெரியவர்களைச் சாட்சிக்கு அழைத்துக்கொண்டு போகிறோம். பழைய சர்வே எண்ணைப் புதிய எண்ணோடு பொருத்தத் தெரிந்தவர், ஆங்கிலக் கையெழுத்துப் பதிவேட்டை வாசிக்கத் தெரிந்தவர், நவாபின் பாரசீக ஸனதில் முத்திரையும் ஹிஜ்ரி ஆண்டும் பொருந்துகிறதா என்று பார்க்கத் தெரிந்தவர் நம்மிடையே எத்தனை பேர்? அந்த ஸனது போலியாக இருந்தால், எதிர்த்தரப்பு கண்டுபிடிப்பதற்கு முன் நாமே கண்டுபிடித்து ஒதுங்கிக்கொள்ளவும் இந்தப் படிப்பு வேண்டும்.

கூரத்துச் சகோதரரிடம் கடைசிப் பகுதியை விரிவாகச் சொன்னபோதுதான் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருடைய பாட்டனாருக்கு இருந்த ஒரு நிலத்தின் காகிதம் கறையான் அரித்துப் போன கதையை அவர் சொல்லத் தொடங்க, ளுஹர் நேரம் வந்துவிட்டது. தொழுதுவிட்டு வந்ததும் மகளைக் கூப்பிட்டார். விண்ணப்பத்தில் முதல் விருப்பம் வரலாறு, இரண்டாவது பி.காம். என்று இருவரும் ஒத்துக்கொண்டார்கள். முதல் ஆண்டு மதிப்பெண் குறைந்தால் இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது என்பது அத்தாவின் நிபந்தனை. தினமும் பஸ்ஸில் போய் வரச் சம்மதிக்க வேண்டும் என்பது மகளின் நிபந்தனை. சாதிச் சான்றிதழை எடுத்து வரச் சொல்லிப் பார்த்தோம். உட்பிரிவு சரியாக இருந்தது. செப்பேட்டின் எழுத்தை வாசிக்கக் கிரந்தம் தெரிய வேண்டும், அது பி.ஏ.வில் வராது, மூன்று ஆண்டுக்கு மேலும் பொறுக்க வேண்டியிருக்கும் என்று அந்தப் பிள்ளையிடம் சொன்னோம். "பரவாயில்ல ஹஜ்ரத், இப்பவே எங்க கத்துக்கலாம்?" என்று கேட்டாள்.